இருபத்து நான்காவது சுற்று

"அப்பா, அந்தச் சிவப்பு ரிப்பன் அக்கா ஏன் சிரிச்சுக்கிட்டே ஓடுறாங்க?"

இதைக் கேட்டபோது எனக்கு எட்டு வயது. கேள்வியில் குற்றமில்லை, கேட்ட இடம்தான் சரியில்லை. மைதானத்தில் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்த நீள மேஜையில் அப்பா சுற்றுக் கணக்காளராக உட்கார்ந்திருந்தார். பத்தாயிரம் மீட்டர் ஓட்டம் என்றால் இருபத்தைந்து சுற்று. ஓடுகிறவர்களால் அத்தனையையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஆளுக்கு ஒரு கணக்காளர் உண்டு. தன்னுடைய ஆள் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அவர் கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் ஒரு வரி எழுத வேண்டும். முன்னால் ஓடுகிறவருக்கு இருபத்து நான்காவது வரி எழுதியதும் கையைத் தூக்கினால் மணி அடிப்பார்கள். இன்னும் ஒரே சுற்றுதான் என்று அர்த்தம்.

அப்பாவின் ஆள் சிவப்பு ரிப்பன் அக்கா. எல்லோருக்கும் முன்னால் அவர்தான் ஓடிக்கொண்டிருந்தார். அவர் கோட்டைத் தாண்டினார், அப்பா நேரத்தை எழுதினார், நான் கேட்டேன். அப்பா தலையைத் திருப்பி அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியலையேம்மா" என்றார். பிறகு தாளைப் பார்த்தார். எழுதினோமா இல்லையா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து இன்னொரு வரி எழுதினார்.

ஒரு சுற்றுக்கு இரண்டு வரி விழுந்துவிட்டது.

மணி ஒரு சுற்று முன்னதாகவே அடித்தது. அக்கா தன்னிடம் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கொட்டி ஓடினார். இருபத்து நான்காவது சுற்றின் முடிவில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் புல்தரையில் போய் விழுந்தார். இரண்டாவதாக வந்தவரின் கணக்காளர் "இன்னும் ஒண்ணு இருக்கு!" என்று கத்தினார். மிச்சமுள்ள சுற்றைக் காட்டும் பலகையில் எண்ணை மாற்றி, மறுபடி மணி அடித்தார்கள். அக்காவுக்கு அது காதில் விழவில்லை. அவர் எழுந்து பார்க்கும்போது மற்ற நாலு பேரும் கடைசிச் சுற்றில் பாதி போயிருந்தார்கள். தடத்தை விட்டு வெளியே வந்தவர் திரும்ப ஏறக்கூடாது. 'பந்தயத்தை முடிக்கவில்லை' என்று அவர் பெயருக்கு எதிரே எழுதினார்கள்.

விசாரணை நடந்தது. அறிக்கையை எழுதியவர் அப்பா. மணி ஒரே முறைதான் அடிக்கப்பட்டது, வீராங்கனை தன் சுற்றுக் கணக்கைத் தவறவிட்டார் என்று இரண்டே வரி. அப்பா சொன்னால் மைதானத்தில் மறுபேச்சு கிடையாது. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர், எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. அன்றிலிருந்து அந்த அக்காவுக்கு 'இருபத்துநாலு' என்று பெயர் வந்துவிட்டது.

எனக்கு அவர் தெய்வம்போல ஆகிவிட்டார். ஏன் என்று அந்த வயதில் தெரியாது. அதற்குப் பிறகு அவர் ஐந்து வருடம் ஓடினார். நாலாவது, மூன்றாவது, மறுபடி நாலாவது. நான் ஒன்றையும் விடவில்லை. கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு பந்தயத்தையும் எழுதினேன். வெயில் எப்படி, காற்று எந்தப் பக்கம், ரிப்பன் என்ன நிறம், எந்தச் சுற்றில் யார் அவரை முந்தினார்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்த எழுத்துப் பழக்கம்தான் பிறகு எனக்கு வேலையானது. இருபத்தாறு வருடமாகச் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கம் எழுதுகிறேன். கால்பந்தோ சதுரங்கமோ, ஜெயித்தவரைப் பற்றி எழுதிவிட்டு நாலாவதாக வந்தவரைத் தேடிப் போவேன்.

பதினேழு வயதில் ஒரு பள்ளிப் போட்டியில் நானே கணக்குத் தாள் பிடித்து உட்கார்ந்தேன். ஒன்பதாவது சுற்றில் பக்கத்திலிருந்தவள் நேரம் என்ன என்று கேட்டாள். பதில் சொல்லிவிட்டுத் தாளுக்குத் திரும்பியதும், எழுதிய வரியையே இன்னொரு முறை எழுதப் போனேன். அந்தக் கணத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. வீட்டுக்கு ஓடி வந்து அப்பாவிடம் கேட்டேன். "மணி சரியாத்தான் அடிச்சது" என்றார். முப்பத்து மூன்று வருடமாக அதே பதில்.

போன மாதம் தடகளச் சங்கத்தின் செயலாளர் போன் செய்தார்.

"மேடம், ஒரு வேடிக்கை கேளுங்க. இருபத்துநாலு மறுபடியும் விண்ணப்பம் போட்டிருக்கு."

"மனுஷிக்குப் பேர் இருக்கு."

"இருக்கு மேடம், விண்ணப்பத்துல இருக்கு. அந்தப் பேரைச் சொன்னா இங்க யாருக்குத் தெரியும்? சுற்றுக் கணக்காளர் உரிமத்துக்குப் போட்டிருக்காங்க, மூணாவது தடவை. தன் சுத்தையே எண்ணத் தெரியாதவங்க மத்தவங்க சுத்தை எண்ண வந்துட்டாங்கன்னு பசங்க ஒரே சிரிப்பு."

"எழுத்துத் தேர்வுல எவ்வளவு வாங்கினாங்க?"

"அது தொண்ணூத்தாறு" என்று இழுத்தார். "ரெண்டு தடவையும். ஆனா நேர்முகத்துல மாஸ்டர் 'பொருத்தமில்லை'ன்னு எழுதிட்டார். இந்தத் தடவையோட சரி மேடம், அவங்களுக்கு அறுபத்து மூணு முடியுது. அதுக்கு மேல புது உரிமம் கிடையாது."

தேர்வுக் குழுவின் தலைவர் என் அப்பா. எண்பது வயதிலும் அந்த நாற்காலியை விடவில்லை. விடச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

அன்று மாலை டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"அப்பா, அந்த அக்கா மறுபடி விண்ணப்பிச்சிருக்காங்களாமே."

"சர்க்கரை கம்மி."

"நான் டீயைப் பத்திப் பேசல."

"நான் பேசறேன்."

"ஏன்ப்பா ரெண்டு தடவையும் பொருத்தமில்லைன்னு எழுதினீங்க?"

"குழு விஷயம் வெளிய பேசக் கூடாது. விதி."

"கணக்கு மேஜைகிட்ட குழந்தையை உட்கார வைக்கக் கூடாதுங்கறதும் விதிதான்."

அப்பா செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நான் எழுதிய பக்கம் என்னைப் பார்த்தது. அதற்குப் பின்னால் இருந்து, "போன வாரம் நீ எழுதின தொடர் ஓட்டத்துல மூணாவது ஆளோட நேரம் தப்பு. பத்துல ரெண்டு பங்கு வினாடி" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். குழாய் சொட்டினால் "நான் பார்த்துக்கறேன்" என்பார். அந்தக் குழாய் பதினோரு வருடமாகச் சொட்டுகிறது. பிளம்பரைக் கூப்பிட்டால் கோபம் வரும். தெருவில் எவர் விழுந்தாலும் முதலில் ஓடித் தூக்குகிறவரும் அவர்தான். கடைக்காரர் ஒரு பென்சில் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் வெயிலில் நடந்து போய்த் திருப்பிக் கொடுப்பார். கடவுளே, இத்தனை நல்லவருக்கு இந்த ஒன்றில் மட்டும் ஏன் இப்படிக் கல்லைப் போல ஒரு மனசைக் கொடுத்தாய் என்று தினமும் காலையில் கேட்பேன். பொறுமையைக் கொடு என்றும் கேட்பேன். அதில் கொஞ்சம் வந்தது, சீக்கிரமே தீர்ந்துபோனது.

மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். பேட்டிக்காக என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். உண்மையில் முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். எத்தனையோ முறை அவரைப் பேட்டி கண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாய்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது.

தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கை அறை வீடு. பால்கனியில் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் அட்டை, கையில் பென்சில், கம்பியில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கட்டி வைத்திருந்தார். கீழே பூங்காவைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"இரு. நீலச் சட்டை வர்றான்." எழுதினார். "பன்னெண்டு. ம், சொல்லு."

"அந்தப் பந்தயத்தன்னிக்கு நான்..."

"இரு இரு, மஞ்சள்." எழுதினார். "ஒன்பது. அவ நடுவுல இறங்கி சங்கிலி மாட்டினா, அதான் பின்தங்கிட்டா. சொல்லு கண்ணு."

"அந்த மேஜையில என் அப்பா பக்கத்துல..."

"நீலம்!"

எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. எண்ணுகிறவரை நடுவில் கலைத்து ஒரு முறை செய்த பாவம் போதும். வாயை மூடிக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வழியாக அம்மாக்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கா தாளை ஒரு முறை சரிபார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சிரிப்பைப் பற்றி நான் கேட்டதையும், அப்பா இரண்டு வரி எழுதியதையும்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "சிரிச்சேனா? நானா?" என்றார். "விலாவுல குத்து வலிடி அது! பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடினேன். அதைப் போய்ச் சிரிப்புன்னு நெனச்சு, இத்தனை வருஷம் 'சிரித்தபடியே ஓடும் வீராங்கனை'ன்னு எழுதித் தள்ளியிருக்கியே!"

"மன்னிச்சிடுங்கக்கா."

"எதுக்கு? கேள்வி கேட்டதுக்கா, பேப்பர்ல புளுகினதுக்கா?" சிரித்தார். இந்த முறை உண்மையான சிரிப்பு. பிறகு அடங்கி, "மணி முன்னாடியே அடிச்சுதுன்னு எனக்கு அப்பவே தெரியும். உன் காரணம்தான் தெரியாது. தெரிஞ்சு என்ன? நீ சொன்னா நீ என் விசிறி. நான் சொன்னா தோத்தவ. மாஸ்டர் சொல்லணும்."

"அதை அவர் சொல்ல மாட்டார்க்கா."

"அப்ப விடு. எனக்கு அந்த மெடலெல்லாம் வேணாம். அந்த மேஜையில ஒரு தடவை உட்காரணும். இன்னொரு பொண்ணுக்கு மணி சரியா அடிக்கணும். அது போதும்."

வீட்டுக்கு வரும்வரை பேருந்தில் எனக்குள் கொதித்தது. அவ்வளவு சின்ன ஆசை. அதையும் மறிக்கிறவர் என் வீட்டில், என் டீயைக் குடித்துக்கொண்டு, சர்க்கரை கம்மி என்கிறார்.

நேர்முகத் தேர்வு ஞாயிற்றுக்கிழமை. என் கட்டுரை சனிக்கிழமை வரும். எல்லாவற்றையும் எழுதினேன். என் கேள்வி, இரண்டு வரி, பொய் அறிக்கை. அப்பாவின் பெயரையும் மறைக்கவில்லை. எழுதி முடித்ததும் மனசு ஒப்பவில்லை. பெற்றவரைப் பற்றி ஊரெல்லாம் படிக்கும் முன்னால் அவர் ஒரு முறை கேட்டுவிட வேண்டும். வியாழக்கிழமை மாலை அவர் எதிரே உட்கார்ந்து உரக்கப் படித்தேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகமாகக்கூட இருந்தது. "பதினேழாவது சுற்றில் அவர் கோட்டைத் தாண்டியபோது" என்ற இடம் வந்ததும் கண் திறந்தது.

"பதினேழு இல்ல."

"என்னப்பா?"

"பதினாறு. பதினாறாவது சுத்து. இருபத்திரண்டு நிமிஷம் இருபத்துநாலு வினாடி. அடுத்த வரி இருபத்திரண்டு இருபத்தெட்டு." சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

உண்மையை நாற்பத்திரண்டு வருடம் உள்ளே வைத்திருக்க முடிந்தவரால் ஒரு தப்பான எண்ணை ஒரு நிமிடம் சகித்துக்கொள்ள முடியவில்லை. எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை.

"அப்போ உங்களுக்குத் தெரியும்!"

அப்பா எழுந்து உள்ளே போனார். அலமாரியின் மேல் தட்டில் இருந்த தகரப் பெட்டியைத் தானே இறக்கினார். என்னைத் தொட விடவில்லை. கார்பன் நகல் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். ஊதா எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. பதினாறாவது வரிக்கும் பதினேழாவது வரிக்கும் நடுவே நாலே வினாடி. நாலு வினாடியில் நானூறு மீட்டரை எந்த மனிதரும் ஓட முடியாது. யாராவது ஒருவர் அந்தத் தாளை ஒரு முறை சரியாகப் பார்த்திருந்தால் போதும். மாஸ்டர் கையெழுத்துப் போட்ட தாளை யார் பார்ப்பார்கள்?

"அன்னிக்கு ராத்திரியே பார்த்துட்டேன்" என்றார். "அறிக்கையை மறுநாள்தான் கொடுத்தேன்."

"என்னைக் காப்பாத்தவாப்பா அப்படி எழுதினீங்க?"

"உனக்காகன்னு நெனச்சுக்காத. எனக்காகத்தான். என் பேருக்காக." தகரப் பெட்டியை மூடினார். "நீ குழந்தை, கேட்டே. உன்னை அங்க உட்கார வெச்சது நான். தாளை விட்டுட்டு அவ முகத்தைப் பார்த்ததும் நான்தான். நெசமாவே சிரிக்கறாளான்னு எனக்கும் பார்க்கணும்போல இருந்துச்சு."

"அப்புறம் ஏன் ரெண்டு தடவை அவங்களைத் தள்ளிவிட்டீங்க?"

"எதிர்ல வந்து உட்கார்ந்தா. என்னால நிமிர்ந்து பார்க்க முடியல. பார்க்க முடியாத ஆளை எப்படித் தேர்வு பண்றது?"

இப்படி ஒரு நியாயத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை.

"அந்தக் கட்டுரையைப் போடாத" என்றார்.

"அப்பா!"

"நான் பார்த்துக்கறேன்."

அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. பத்து வாதங்கள் நாக்கு நுனிவரை வந்தன. ஆனால் அவர் அந்தத் தாளை மடித்த விதத்தைப் பார்த்தேன். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, விரல் நகத்தால் நீவி, சட்டைப் பையில் நெஞ்சுப் பக்கமாக வைத்துக்கொண்டார். ஒரு மனிதன் தானாகத் திரும்பி வருவதற்கு நாம் வழியைவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தாலும் ஒதுங்கி நிற்பது எவ்வளவு எரிச்சலான வேலை!

வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டுரையைத் திரும்ப வாங்கினேன்.

"மேடம், முக்கால் பக்கம் காலி!" என்று ஆசிரியர் தலையில் கை வைத்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். "நான் எதைப் போட்டு நிரப்புவேன்?"

"மெத்தை விளம்பரம் இருக்குன்னீங்களே."

"அது அரைப் பக்கம்."

"மீதியில சதுரங்க முடிவு போடுங்க."

"சதுரங்கத்தை யார் படிப்பாங்க?"

"மெத்தையில படுத்துக்கிட்டுப் படிப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை.

ஞாயிறு வந்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிப் போனார், திரும்பி வந்தார், செருப்பைக் கழற்றினார்.

"என்னப்பா ஆச்சு?"

"குழு விஷயம்."

தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தலாம் போல இருந்தது. நல்லவேளையாகப் போன் அடித்தது, அக்காதான்.

"பாஸ்!" என்றார். "மூணு பேர் இருந்தாங்க. மாஸ்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. கணக்குல சந்தேகம் வந்தா என்ன செய்வீங்கன்னு. உடனே கையைத் தூக்கி, எனக்குச் சந்தேகமா இருக்குன்னு சத்தமாச் சொல்லிடுவேன்னேன். என்னை நேராப் பார்த்தாரு. 'சரியான பதில்'னு சொல்லி எழுதிக்கிட்டாரு. அவ்வளவுதான்."

"வேற எதுவும் சொல்லலையா? அந்தப் பந்தயத்தைப் பத்தி?"

"அங்க எதுக்கு அதெல்லாம்?" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

உரிமம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் மனசு ஆறவில்லை. அவருக்குப் பிச்சை போட்டது போல ஒரு உரிமத்தைக் கொடுத்துவிட்டு, பொய் மட்டும் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறதே. 'நான் பார்த்துக்கறேன்' என்றால் இவ்வளவுதானா? பத்து நாள் அப்பாவோடு ஒற்றைச் சொல்லில் பேசினேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. சங்கத்தின் ஆவண அறைக்குப் போனேன். பழைய முடிவுகளைப் பதிவேட்டில் பார்க்க எவருக்கும் அனுமதி உண்டு. அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு வந்து அப்பா முன்னால் வைத்துச் சண்டை போடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

உதவியாளர் ஏணியில் ஏறிப் பதிவேட்டை இறக்கிக் கொடுத்தார்.

"இந்த வருஷத்துக்கு என்ன மேடம் இவ்வளவு கிராக்கி? அன்னிக்கு மாஸ்டரும் இதைத்தான் கேட்டாரு."

"எப்போ?"

"ஒரு வெள்ளிக்கிழமை. நேர்முகத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி. எடுத்துக் கொடுத்தேன். டீ வாங்கிட்டு வாப்பான்னு அனுப்பினாரு. வாங்கிட்டு வந்தேன், பிஸ்கட் மறந்துட்டேன்னு மறுபடி அனுப்பினாரு. திரும்பி வந்தா ஆளைக் காணோம். டீயையும் பிஸ்கட்டையும் நானே சாப்பிட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு நாலு மணி நேரம் கழித்து அதே முடியோடு வந்து நின்றவரை நான் திட்டியது நினைவுக்கு வந்தது. முழங்கால் வலியோடு இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார்.

ஜன்னல் ஓரத்து மேஜையில் பதிவேட்டைப் பிரித்தேன். 'பந்தயத்தை முடிக்கவில்லை' என்ற சொற்களின் மேல் ஒரே ஒரு கோடு அடித்திருந்தது. அழித்ததைப் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. பக்கத்தில் கார்பன் நகல் ஒட்டப்பட்டிருந்தது. அடியில் திருத்தங்களுக்கான கட்டங்களில் அப்பாவின் சதுரமான எழுத்து.

திருத்தம்: இவ்வீராங்கனை இருபத்து நான்கு சுற்றுகளை 33 நிமிடம் 28 வினாடியில், முதலிடத்தில் முடித்தார். இருபத்தைந்தாவது சுற்று இவரிடமிருந்து பறிக்கப்பட்டது.

காரணம்: சுற்றுக் கணக்காளரின் கவனக்குறைவு. பின்னர் அவர் எழுதிய பொய் அறிக்கை. இரண்டும் என்னுடையவை.

நகல்: வீராங்கனைக்கு, பதிவுத் தபாலில், மன்னிப்புடன்.

ஆக, அக்காவுக்கும் தெரியும். இரண்டு பேரும் என்னிடம் மூச்சுவிடவில்லை. எழுதியே பிழைக்கிற எனக்குத்தான் எவரும் ஒன்றும் சொல்வதில்லை. கோபப்பட வேண்டும் என்று பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

மேஜைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை இருந்ததாக அதில் எங்கேயும் இல்லை. கடைசிக் கட்டம் சாட்சியின் கையெழுத்துக்கானது. அப்பா அதைக் காலியாக விடவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, 'எவரும் இல்லை' என்று எழுதி, தேதி போட்டிருந்தார்.